பழைய மீன்பிடி ரீல் கரகரக்கிறது: பல் தேய்ந்ததா, வேறு கோளாறா?

குளச்சலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணன், நான்கு வருடம் பயன்படுத்திய 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல் (தூண்டில் கம்பான ராடில் மாட்டி நூலைச் சுற்றி எடுக்கும் கருவி) ஒன்றை மூவாயிரம் ரூபாய்க்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறாராம். வெளியே பார்க்கப் புதிதுபோல்தான் இருக்கிறது. ஹேண்டிலைச் சுற்றினால் மட்டும் கையில் ஒரு கரகரப்பு. "கியர் பல் தேய்ந்துவிட்டதா, கிரீஸ் வைத்தால் போதுமா, வாங்கலாமா?" என்பது கேள்வி.

கரகரப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது தம்பி. நாகர்கோவிலில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த காலத்திலிருந்தே கூடவே ரீல் பழுதும் பார்த்து வருகிறேன். "அண்ணே, பல்லு போச்சு" என்று வருகிற ரீல்களில் பல் நன்றாக இருப்பவைதான் அதிகம். பேரிங்கில் உப்பேறியிருக்கும், கிரீஸ் காய்ந்திருக்கும், எவனோ திறந்து மூடும்போது ஒரு வாஷரைத் தொலைத்திருப்பான். இதற்கு மறுபக்கமும் உண்டு. பஞ்சுபோல் சுற்றும், திறந்து பார்த்தால் பல் கத்திபோல் மெலிந்திருக்கும். அதனால் சத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, எப்போது வருகிறது, ஒரு சுற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹேண்டிலோடு சேர்ந்து சுற்றுவது மெயின் கியர். தட்டையான ஒரு வட்டு. அதன் முகத்தில் ஓரத்தைச் சுற்றிச் சாய்வாகப் பற்கள். அதோடு கடித்துக்கொண்டு சுற்றுவது பினியன். சுண்டுவிரலைவிட மெலிந்த குழாய், அதில் முறுக்கிவிட்டதுபோல் சில பற்கள். பினியனின் தலையில்தான் ரோட்டார், அதாவது நூல் தங்கும் ஸ்பூலைச் சுற்றிச் சுழன்று நூலைச் சுற்றும் பாகம், உட்கார்ந்திருக்கிறது. பினியனின் துளை வழியாக மெயின் ஷாப்ட் போகிறது. அது சுற்றாது, ஸ்பூலைச் சுமந்துகொண்டு முன்னும் பின்னும் போய்வரும், அவ்வளவுதான். ரீலின் மேல் 5.2:1 என்று போட்டிருந்தால், ஹேண்டில் ஒரு சுற்று வருவதற்குள் ரோட்டார் 5.2 சுற்று வந்துவிடும் என்று பொருள். இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள், கீழே தேவைப்படும்.

இந்தப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிக்கொண்டே கடிப்பவை. சறுக்கும் இடத்தில் கிரீஸ் இல்லையென்றால் தேய்மானம் நிச்சயம். விலை குறைந்த ரீல்களில் மெயின் கியர் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. விலை கூடியவற்றில் அலுமினியத்தை அழுத்தியோ கடைந்தோ செய்திருப்பார்கள். பினியன் பெரும்பாலும் பித்தளை. துத்தநாகமும் பித்தளையும் உரசினால் முதலில் போவது துத்தநாகம். நல்ல அலுமினியமாக இருந்தால் பினியன்தான் முதலில் மெலியும். அதற்குப் பல் குறைவு, ஓட்டமோ ஐந்து மடங்கு.

சரி, ரீலைத் திறக்காமல், அந்த அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே செய்யக்கூடியதை முதலில் சொல்கிறேன்.

ஹேண்டிலைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டிவிட்டுக் கையை எடுங்கள். சும்மா ஓடும்போதே மணல் அரைப்பதுபோல், தாளம் எதுவும் இல்லாமல் ஒரு சத்தம் வந்தால் முதல் சந்தேகம் பேரிங்மேல். குறிப்பாக, ரோட்டாருக்கு உடனே பின்னால் பினியனைத் தாங்கும் பேரிங். உப்புத் தண்ணீர் முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான். அடுத்து, இடது உள்ளங்கையை ரோட்டாரின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு வலது கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கும் அளவுக்குப் பாரம் போதும், அதற்குமேல் வேண்டாம். சும்மா சுற்றியபோது அமைதியாக இருந்த ரீல், பாரம் ஏறியதும் நறநறவென்று கைவரை அதிர்ந்தால் அப்போது பற்களைச் சந்தேகப்படலாம். பாரம் இல்லாதபோது தேய்ந்த பற்கள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டுக்கொண்டு போய்விடும். அழுத்தம் வந்தால்தான் தேய்ந்த பள்ளம் தேய்ந்த மேட்டில் ஏறி இறங்கும். கடையில் நின்று ஹேண்டிலைச் சுழற்றிப் பார்த்துவிட்டு "ஸ்மூத்தா இருக்கு" என்று வாங்கி வருகிறவர்கள் ஏமாறுவது இதில்தான்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. பழைய ஜீப் விற்பவர் கியர்பாக்ஸில் தடித்த ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்குவார் இல்லையா, அதேபோல் ரீலுக்குள் கெட்டி கிரீஸை அப்பிவிடுவார்கள். சுண்டிவிட்டதும் அரைச் சுற்றுகூட ஓடாமல் நின்றுவிடும். அமைதியாக இருக்கும், ஆனால் கனமாக இருக்கும். பழைய ரீல் ஒன்று அளவுக்கு மீறி அமைதியாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அப்புறம் ஆட்டம் பார்ப்பது. ஒர்க்‌ஷாப் பாஷையில் பிளே. ரோட்டாரை அசையாமல் இறுகப் பிடித்துக்கொண்டு ஹேண்டில் குமிழை முன்னும் பின்னும் அசையுங்கள். குமிழ் ஓரிரண்டு மில்லிமீட்டர் ஆடினால் கவலை வேண்டாம், புது ரீலிலும் அது இருக்கும். அரை சென்டிமீட்டருக்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். ஹேண்டிலைக் கால் சுற்று நகர்த்தி மறுபடி, இன்னொரு கால் சுற்று நகர்த்தி மறுபடி. எல்லா இடத்திலும் ஒரே ஆட்டம் என்றால் தேய்வு சீராக இருக்கிறது, அல்லது வாஷர் குறைகிறது. ஒரு இடத்தில் இறுக்கம், இன்னொரு இடத்தில் தளர்ச்சி என்றால் மெயின் கியர் வளைந்திருக்கலாம், அல்லது ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கலாம். ஹேண்டில் பக்கவாட்டில், ரீலுக்கு உள்ளேயும் வெளியேயுமாக ஆடினால் அதைப் பல்லோடு சேர்க்காதீர்கள். மெயின் கியருக்கு அடியில் காகிதம்போல் மெல்லிய வாஷர்கள் இருக்கும், ஷிம் என்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதைவிட மெலிதாகவும் இருக்கும். அதில் ஒன்று போயிருக்கும்.

இனி நான் அதிகம் நம்பும் சோதனை. ஒரு சாக்பீஸ் துண்டால் ஹேண்டில் தண்டில் ஒரு கோடு, ரோட்டாரின் ஓரத்தில் ஒரு கோடு. ரோட்டாரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, கடிகார முள்போல் மெதுவாகச் சுற்றுங்கள். 'டக்' என்று தட்டும்போதெல்லாம் இரண்டு கோடுகளும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஹேண்டில் கோடு அதே இடத்துக்கு வரும்போது மட்டும் தட்டினால், சுற்றுக்கு ஒரு தட்டு. மெயின் கியரில் ஒரு பல் அடிபட்டிருக்கிறது, அல்லது அந்தப் பல்லில் ஏதோ அப்பியிருக்கிறது. ஹேண்டில் ஒரு சுற்று வருவதற்குள் ஐந்து முறை தட்டுகிறது, ஒவ்வொரு முறையும் ரோட்டார் கோடு அதே இடத்தில் இருக்கிறது என்றால் கோளாறு ரோட்டாரோடு சுற்றும் பொருளில்: பினியன், இல்லையென்றால் ரோட்டாரே எங்கேயோ உரசுகிறது.

சில ரீல் இந்த இரண்டிலும் சேராது. மெயின் கியரில் 47 பல், பினியனில் 9 பல் என்று வையுங்கள். இரண்டு எண்ணுக்கும் பொது வகுஎண் இல்லை. ஒரே இரண்டு பற்கள் எப்போதும் சந்தித்து ஒரே இடம் தேயக் கூடாது என்பதற்காக இப்படி எண்ணிக்கை வைப்பது கியர் தொழிலில் பழைய பழக்கம். இதில் மெயின் கியரின் ஒரு குறிப்பிட்ட பல், பினியனின் ஒரு குறிப்பிட்ட பல்லை மறுபடி சந்திக்க ஹேண்டில் ஒன்பது சுற்று வர வேண்டும். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பல் லேசாக அடிபட்டிருந்தால் ஒன்பது சுற்றுக்கு ஒருமுறைதான் பெரிதாகத் தட்டும். 'எப்பவாவது தட்டுது அண்ணே, காட்டலாம்னு வந்தா தட்ட மாட்டேங்குது' என்று சொல்கிற ரீல்களில் இதுவும் ஒரு வகை.

இந்தச் சாக்பீஸ் சோதனையும் என்னை ஒருமுறை கவிழ்த்திருக்கிறது. 5000 சைஸ் ரீல் ஒன்று, சுற்றுக்கு ஒரு தட்டு, ஹேண்டில் கோடு எப்போதும் அதே இடம். மெயின் கியர்தான் என்று தைரியமாகச் சொல்லி, ஜோடி கியருக்கு ஆர்டரும் போட்டாயிற்று. வருவதற்கு ஒன்றரை மாதம் ஆனது. வந்த பிறகு ரீலைத் திறந்தால் பழைய கியர் கண்ணாடிபோல் இருக்கிறது. குற்றவாளி ஹேண்டிலின் மடக்கு மூட்டு. அதன் ஆணி தேய்ந்து, கை மேலே போய் இறங்கும் இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு. ரீலின் சொந்தக்காரர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே அந்த கியர் செட்டை வாங்கிப் போனார். அன்றிலிருந்து, சுற்றுக்கு ஒரு தட்டு என்றால் முதலில் ஹேண்டிலைக் கழற்றி மறுபக்கம் மாட்டி இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவது.

பல்மேல் பழி விழும் இன்னொரு இடம் லைன் ரோலர், அதாவது ரோட்டாரின் குறுக்கே வளைந்திருக்கும் பெயில் கம்பியின் நுனியில் நூல் ஓடும் சின்ன உருளை. இது தேய்ந்தாலோ உப்பேறி இறுகினாலோ மீன் இழுக்கும்போது கீச்சிடும், அதிரும். பாரம் இருந்தால்தான் சத்தம் வரும் என்பதால் கியர் என்றே நினைப்பார்கள். பிரித்துப் பார்ப்பது சுலபம். ரோட்டாரை உள்ளங்கையால் அழுத்திச் சுற்றும்போது சத்தம் இல்லை. நூலை வாசல் கேட்டில் கட்டி இழுத்துச் சுற்றும்போது மட்டும் சத்தம் என்றால் ரோலர்தான். அந்தச் சின்ன உருளையையோ அதற்குள் இருக்கும் பேரிங்கையோ மாற்றினால் சரி. கியரைத் தொடவே வேண்டாம்.

ஸ்பூல் மேலே போய் நிற்கும் இடத்திலோ கீழே வந்து திரும்பும் இடத்திலோ மட்டும் தட்டினால், ஸ்பூலை ஏற்றி இறக்கும் பொறியைப் பார்க்க வேண்டும். ஸ்பூல் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு வரும்போது மட்டும் ஹேண்டில் கனமானால் மெயின் ஷாப்ட் வளைந்திருக்கும். பாறையில் ராடோடு விழுந்த ரீல்களில் இது சகஜம். டிராக்கை (மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக்) முழுதாக இறுக்கி, முன்பக்கமிருந்து ஸ்பூலின் விளிம்பைப் பார்த்தபடியே சுற்றுங்கள். ரோட்டாருக்கும் ஸ்பூலுக்கும் உள்ள இடைவெளி ஒரு பக்கம் அகன்று ஒரு பக்கம் குறுகித் தெரிந்தால் கண்ணே சொல்லிவிடும்.

மீன் இழுக்கும்போது ஹேண்டில் பின்னால் உதறுகிறது என்று ஒருவர் சொன்னால் அதையும் பல் தாண்டுவதோடு குழப்பக் கூடாது. பின்னால் சுற்றவிடாமல் தடுக்கும் ஒருவழி ரோலர் கிளட்ச் வழுக்குகிறது. பெரும்பாலும் அதற்குள் கிரீஸ் போயிருக்கும். அங்கே கிரீஸே ஆகாது. உண்மையாகவே பல் தாண்டினால் முன்னால் சுற்றும்போதுதான் தாண்டும். 'கடக்' என்று ஒரு சத்தம், கையிலிருந்த பாரம் ஒரு நொடி காணாமல் போகும். அப்படித் தாண்டுகிற ரீலுக்கு வெளிச்சோதனையே வேண்டாம். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி: உடல் பிளாஸ்டிக்காக இருந்து, பக்க மூடியின் ஸ்க்ரூ தளர்ந்திருந்தால், பாரத்தில் உடலே விரிந்து கியர்கள் விலகிவிடும். ஸ்க்ரூவை இறுக்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

  

இனி திறப்பது. அந்த அண்ணன் சம்மதித்தால் மட்டும், அவர் கண்முன்னால். திறக்கும் முன் ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். வெட்டுக்காயம் இருந்தால் முன்பே யாரோ திறந்திருக்கிறார்கள். அதுவே குற்றமில்லை, ஆனால் ஷிம் இடம் மாறியிருக்கலாம் என்பதற்கு முதல் சாட்சி. செய்தித்தாள் விரித்து, கழற்றும் ஒவ்வொன்றையும் வரிசையாக வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துவிடுங்கள். ஷிம் கிரீஸோடு ஒட்டிக்கொண்டு மூடியோடு வரும், காற்றில் பறக்கும், கைத்துணியில் ஒட்டிக்கொண்டு போகும். மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

முதலில் கிரீஸைப் பாருங்கள், துடைத்துவிடாதீர்கள். ஒரு துளியை வெள்ளைத்தாளில் தேய்த்து வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். பொன் பொடிபோல் மினுங்கினால் பித்தளை, பினியன் தேய்கிறது. ஈயம் கரைத்ததுபோல் சாம்பல் கறுப்பாக, விரலில் பூசினால் வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் மெயின் கியர். செங்காவியாக இருந்தால் துரு, பேரிங்கில் இருந்து வந்திருக்கும். பாலாடைபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. புது ரீலில்கூட முதல் சில மாதம் கிரீஸ் கொஞ்சம் கறுக்கும், பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது. கறுப்பைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். விரலில் நெருடுகிறதா என்று பாருங்கள்.

நெருடினால் நம் மாவட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. இணையத்தில் பார்த்துவிட்டு, கிரீஸில் காந்தத்தை வைத்து 'உலோகப் பொடி ஒட்டுது, கியர் அரைஞ்சுபோச்சு' என்று படம் அனுப்புகிறார்கள். பித்தளையும் துத்தநாகமும் அலுமினியமும் காந்தத்தில் ஒட்டாது தம்பி. பிறகு ஒட்டுவது என்ன? மணவாளக்குறிச்சியில் அரசின் ஐஆர்இஎல் கனிம மணல் ஆலை எதற்காக இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். நம் கடற்கரைக் கறுப்பு மணலில் இல்மனைட் இருக்கிறது, கார்னெட் இருக்கிறது, ஜிர்கான் இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்து எடுத்த காந்தம்போல் கொஞ்சம் பலமானதாக இருந்தால் இல்மனைட்டும் கார்னெட்டும் ஓடிவந்து ஒட்டும். ஆகவே ஒட்டியது மணலாக இருக்கலாம், பேரிங்கின் துருவாக இருக்கலாம், கியராக இருக்காது.

மணல்தானே என்று அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். கடினத்தை அளக்கும் மோ அளவில் பித்தளை 3 அளவில் நிற்கிறது, கார்னெட் 7 பக்கம், ஜிர்கான் 7.5. இந்தப் பொடி கிரீஸில் கலந்துவிட்டால் அது கிரீஸ் இல்லை, வால்வு அரைக்கும் பேஸ்ட். ரீலை மணலில் வைக்காதே என்று பெரியவர்கள் சொல்வதற்கு மற்ற ஊரில் ஒரு காரணம் என்றால் நமக்கு இரண்டு காரணம்.

கிரீஸைப் பார்த்து முடித்ததும் மெயின் கியரை வெளியே எடுத்துவிட்டு, ரோட்டாரை மட்டும் கையால் சுற்றிப் பாருங்கள். அப்போதும் கரகரத்தால் பினியன் பேரிங்தான். கியர் அந்த இடத்திலேயே இல்லையே, அதை எப்படிக் குற்றம் சொல்வது? ரோட்டார் வழவழவென்று சுற்றினால், மெயின் கியரை அதன் பேரிங்குகளில் வைத்து, பினியன் படாமல் தனியாகச் சுற்றுங்கள். அதுவும் நன்றாக இருந்து, இரண்டையும் சேர்த்தால் மட்டும் அரைக்கிறது என்றால்தான் கடி சரியில்லை என்று அர்த்தம். ஒன்று பல் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் ஷிம் தவறி இரண்டும் தப்பான ஆழத்தில் கடிக்கின்றன.

இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது? பல்லே சொல்லும். மெயின் கியரைப் பெட்ரோலில் நனைத்த பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்யுங்கள். (பிளாஸ்டிக் பாகத்திலும் டிராக் வாஷரிலும் பெட்ரோல் படக் கூடாது.) ரீல் எப்போதும் ஒரே திசையில்தான் பாரம் இழுக்கிறது. ஆகவே ஒவ்வொரு பல்லிலும் ஒரு முகம் மட்டும் உழைக்கிறது, மறுமுகம் கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கும். இடது கை ஹேண்டிலாக மாற்றிப் போட்டாலும் மெயின் கியர் சுற்றும் திசை மாறுவதில்லை என்பதால் தேயும் முகமும் மாறாது. நல்ல கியர் எப்படி இருக்கும் என்று தெரிய வேறு கியர் தேட வேண்டாம். அதே பல்லின் பின்பக்கத்தைப் பாருங்கள், முன்பக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் உழைக்கும் முகத்தில் ஒரு பளபளப்பான பட்டை தெரியும். அந்தப் பட்டை பல்லின் நடுவில், வழவழப்பாக இருந்தால் அது ஆரோக்கியம். பட்டை பல்லின் உச்சி விளிம்பிலோ ஒரு ஓரத்திலோ மட்டும் ஒல்லியாக இருந்தால் ஷிம் கோளாறு. அந்த கியரை இன்னும் காப்பாற்றலாம். கட்டைவிரல் நகத்தைப் பல்லின் முகத்தில் மேலிருந்து கீழே இழுங்கள். பட்டை முடியும் இடத்தில் நகம் படிக்கட்டில்போல் இடறினால் தேய்வு ஆழமாகப் போய்விட்டது. பினியனில் பார்க்க வேண்டியது பல்லின் உச்சி. புதிதில் அது தட்டையாக, சிறு அகலத்தோடு இருக்கும். தேய்ந்ததில் அந்த அகலம் போய்க் கத்தி முனையாகி, ஒரு பக்கமாகக் கொக்கிபோல் வளைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்; வாட்ச் கடைக்காரரின் லென்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது.

சின்னச் சின்னக் குழிகள், அம்மைத் தழும்புபோல், துத்தநாக கியரில் தெரிந்தால் அது உப்பு அரித்தது. அதற்கு மருந்து இல்லை. அந்த கியரை வைத்துக் காலம் தள்ளலாம், அமைதியாக மட்டும் ஓடாது.

மாற்றுவது என்று முடிவானால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த மெயின் கியரோடு புதுப் பினியனைப் போட்டால் முன்பைவிட மோசமாகக் கத்தும். பைக்கில் செயின் மட்டும் மாற்றிவிட்டு ஸ்ப்ராக்கெட்டை விட்டவர்களுக்கு இது தெரியும். துபாயில் வாங்கிய மாடல் எல்லாம் இங்கே விற்பதில்லை, பாகமும் சுலபத்தில் கிடைக்காது. பேரிங் அப்படி இல்லை. உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றையும் வெர்னியரில் அளந்து சொன்னால் எந்தக் கம்பெனி ரீலுக்கும் பொருந்துவது கிடைத்துவிடும்.

ரீல் எங்கே மீன் பிடித்தது என்றும் அந்த அண்ணனிடம் கேளுங்கள். தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்திலோ மணக்குடிக் காயலிலோ கொடுவாய்க்குச் சின்ன இரை எறிந்த ரீல் என்றால் நான்கு வருடம் பெரிய வயதில்லை. முட்டம் பாறையிலோ துறைமுகத் தூண்டில் வளைவின் (அலை தடுக்கும் கற்சுவர்) கல்லிலோ நின்று பாரைக்கு எறிந்தது என்றால் கவனம். ஒரு பாரை இழுத்துக் கியர் போவது அபூர்வம். மீன் ஓடினால் டிராக் நூலைக் கொடுத்துவிடும். கியரைக் கொல்வது கல். இரை பாறையிடுக்கில் மாட்டியதும் டிராக்கை இறுக்கிவிட்டு ராடை நேராக நீட்டி ஹேண்டிலைப் பிடித்து வின்ச்போல் முறுக்குவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் பல்மேல் விழும் பாரம் ஒரு வருட மீன்பிடியில் விழாது. நூலைக் கையில் துணி சுற்றிப் பிடித்து, ரீலை விட்டுவிட்டு, பின்னால் நடந்து இழுப்பதுதான் முறை. பிரெய்டு (பின்னல்) நூலென்றால் துணி கட்டாயம், விரலை அறுத்துவிடும். மீனாக இருந்தாலும் ராடைத் தூக்கி இழுத்துவிட்டு, தாழ்த்தும்போது சுற்றி எடுங்கள்.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ஏனென்றால் நம் ஊரில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். ஒருவர் மார்கழியில் ஒரு ரீல் கொண்டுவந்தார். விடியற்காலையில் இறுக்கம், பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது, உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது என்றார். திறந்ததும் வாசனை வந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி பக்கம் உறையத் தொடங்கும், நாளானால் பிசினாகும். கழுவிவிட்டு ரீல் கிரீஸ் வைத்ததும் இறுக்கம் போய்விட்டது. உங்கள் கரகரப்புக்கும் இதுபோல் ஒரு சின்ன விடை இருக்கலாம்.

இனி விலை. சும்மா சுற்றினாலும் கரகரப்பு, பாரத்தில் அது கூடவில்லை, ஆட்டம் குறைவு என்றால் அது பெரும்பாலும் பேரிங்கும் காய்ந்த கிரீஸும்தான். இரண்டு பேரிங், ஒரு சுத்தம். சில நூறு ரூபாயில் முடியும். அதைச் சொல்லி ஐந்நூறு குறைத்து வாங்கிக்கொள்ளுங்கள். பாரத்தில் நறநறக்கிறது, நகம் இடறுகிறது என்றால் அந்த ரீலை ஸ்பூல், ஹேண்டில், பேரிங் ஆகிய உதிரிகளின் விலைக்குத்தான் நான் கேட்பேன், ஆயிரத்துக்கு மேல் போகமாட்டேன். பல் தாண்டினால் சும்மா கொடுத்தாலும் யோசிப்பேன். மெயின் கியர் அலுமினியமா துத்தநாகமா என்று திறக்கும்போதே கையில் தூக்கிப் பாருங்கள். அதே அளவுக்குத் துத்தநாகம் இரண்டரை மடங்கு கனம், கைக்கே தெரியும். அலுமினியமாக இருந்து பினியன் மட்டும் மெலிந்திருந்தால் பேரம் பேசி எடுக்கலாம். ஆனால் ரீலின் அடியிலோ காலிலோ இருக்கும் மாடல் எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதே எண்ணுக்கு மெயின் கியரும் பினியனும் ஜோடியாகத் துபாயில் கிடைக்குமா என்று அந்த அண்ணனையே விசாரிக்கச் சொல்லுங்கள். கிடைக்கும் என்றால், அடுத்த லீவுக்கு வரும்போது எடுத்துவருவதாக அவர் ஒப்புக்கொண்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.